நோய் தொற்றிய கொசு வேறு மாதிரி கடிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். மழைக்காலம் தொடங்கினால் டெங்கு பற்றிப் பேசச் சொல்லி குடியிருப்புச் சங்கங்களிலும் பள்ளிகளிலும் கூப்பிடுவார்கள். தண்ணீர்த் தொட்டி, மூடி, பழைய டயர் என்று அரை மணி நேரம் பேசி முடித்ததும் யாராவது எழுந்து, "நோய் இருக்கிற கொசு மூர்க்கமா கடிக்குமாமே" என்பார். அதோடு தொட்டியும் மூடியும் மறந்துபோகும். மீதி நேரம் முழுக்க அந்தப் பக்கமே போகும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே போட்டிருக்கிறேன்.

டெங்கு கொசுவுக்கும் காய்ச்சல் வருமா சார்?

காய்ச்சல் வராது. கொசுவின் உடல் சூடு சுற்றியிருக்கும் காற்றோடு ஏறி இறங்குவது. ஆனால் தொற்று உண்டு. நோயாளியின் ரத்தத்தோடு உள்ளே போன வைரஸ் முதலில் குடல் சுவரில் பெருகும், அப்புறம் உடலெங்கும் பரவி எச்சில் சுரப்பியில் போய்ச் சேரும். இதற்குச் சாதாரணமாக 8 முதல் 12 நாள் பிடிக்கும். கொசுவுக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, எதிர்த்துப் பார்க்கும். முழுதாக ஒழிக்க முடியாமல் சாகும்வரை வைரஸோடு குடித்தனம் நடத்தும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பலர் கொசுவைப் பறக்கும் ஊசி என்று நினைத்துக்கொள்கிறார்கள்: ஒருவரிடம் குத்தியது, அடுத்தவரிடம் குத்தியது, நோய் போய்விட்டது என்று. ஊசிக்குப் பசிக்காது, உடம்பும் கெடாது. கொசுவுக்கு இரண்டும் உண்டு. கீழே வரும் பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

அப்போ எய்ட்ஸ் ஏன் கொசுவால வரதில்லை?

ஹெச்ஐவி கொசுவின் குடலைத் தாண்டுவதில்லை, மற்ற உணவோடு செரித்துப்போகிறது. எச்சில் சுரப்பிக்கு வராத கிருமி கடியில் வெளியே வர வழியில்லை. கொசுவின் ஊசிவாயில் எச்சில் இறங்கும் குழாய் வேறு, ரத்தம் ஏறும் குழாய் வேறு. குடித்த ரத்தத்தை அது அடுத்தவர் உடம்பில் ஊற்றுவதில்லை.

கடிச்ச கொசுவுல நோய் இருக்கா இல்லையான்னு பார்த்தா தெரியுமா?

தெரியாது. பறப்பதிலோ நிறத்திலோ நம் கண்ணுக்குத் தெரியும்படி வித்தியாசம் இருக்காது. ஆய்வகத்தில் நசுக்கிச் சோதித்தால்தான் உண்டு. கடிப்பது பெண் கொசு மட்டும்தான், அதிலும் பெரும்பாலானவை நோயற்றவை.

காரணம் ஆயுள். ஒரு கொசு ஒரு நாளைத் தாண்டி மறுநாள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 90 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கிருமி எச்சிலுக்கு வர 10 நாள் ஆகும் என்றால், கிருமியைக் குடித்த 100 கொசுவில் அந்த நாளைப் பார்ப்பது 35தான். தினசரி வாய்ப்பு 80 என்று குறைந்தால் வெறும் 11. இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள், மலேரியா வரும்போது மறுபடி தேவைப்படும்.

நோய் தொற்றினா பூச்சியோட நடத்தை நிஜமாவே மாறுமா, இல்ல சும்மா கதையா?

மாறுகிறது. ஆனால் எல்லா நோயிலும் இல்லை, எல்லாப் பூச்சியிலும் ஒரே மாதிரியும் இல்லை. சில பூச்சிகள் வயிறு நிறையாமல் திரும்பத் திரும்பக் குத்துகின்றன. சில, ஒருவரிடம் பாதி குடித்துவிட்டு இன்னொருவரிடம் போகின்றன. சிலவற்றுக்கு நம் வாசனை கூடுதலாகப் பிடிக்கிறது. இதில் நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரிந்திருக்கும், சந்தேகமே இல்லாத ஒரு சாட்சி கொசு அல்ல, தெள்ளுப்பூச்சி.

பிளேக் தெள்ளுப்பூச்சி பட்டினியில கண்ணை மூடிட்டு எல்லாரையும் கடிக்கும்னு படிச்சேன். உண்மையா?

ஏறக்குறைய உண்மை. 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் பிளேக் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். 1896இல் பம்பாயில் பிளேக் வெடித்தபோதும் அது எப்படிப் பரவுகிறது என்பதில் சண்டை ஓயவில்லை. 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எலித் தெள்ளுப்பூச்சி வழியாக ஓர் எலியிலிருந்து இன்னோர் எலிக்கு நோய் போவதைக் காட்டினார். பல வருடம் அவரை யாரும் பெரிதாக நம்பவில்லை. "எப்படி" என்ற கேள்விக்குப் பதில் 1914இல்தான் வந்தது. லண்டனில் பேக்கட், மார்ட்டின் என்ற இருவர் தெள்ளுப்பூச்சியின் வயிற்றுக்குள் நடப்பதைப் பார்த்து எழுதினார்கள்.

தெள்ளுப்பூச்சியின் இரைப்பைக்கு முன்னால், உள்ளே முள்முள்ளாக, ஒரு வால்வு இருக்கிறது. குடித்த ரத்தம் திரும்பி வராமல் தடுப்பது அதன் வேலை. பிளேக் பாக்டீரியா அந்த முட்களுக்கிடையில் பசைபோல ஒரு படலம் கட்டி வளர்ந்து, கடைசியில் வழியையே அடைத்துவிடுகிறது. பூச்சி குத்துகிறது, உறிஞ்சுகிறது, ரத்தம் அடைப்பில் மோதி நிற்கிறது. உறிஞ்சுவதை நிறுத்தியதும் அந்த ரத்தம் பாக்டீரியாவையும் அள்ளிக்கொண்டு கடிபட்ட இடத்துக்கே திரும்புகிறது. பூச்சியின் வயிறோ காலி. மறுபடி குத்துகிறது. பக்கத்தில் எலி செத்துக் கிடந்தால் மனிதன்மேல் ஏறுகிறது. சில நாளில் பட்டினியிலேயே செத்தும் போகிறது.

அடைக்காத தெள்ளுப்பூச்சியும் தொற்றிய முதல் சில நாட்களில் நோயைக் கடத்தக்கூடும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதனால் அடைப்புதான் ஒரே வழி என்று சொல்லிவிட முடியாது. இன்னொரு விஷயம், அந்தப் பசைப் படலம் 28 டிகிரிக்கு மேல் போனால் சரியாகக் கட்டுவதில்லை. கடும் வெயிலில் இந்திய ஊர்களில் பிளேக் தணிந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள், பிளேக் காலத்தில் எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்களைத் தாண்டிப் போகும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அந்தத் தெருவாசிகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை.

எல்லாப் பூச்சிக்கும் இப்படித் தொண்டை அடைக்குமா?

இல்லை. இதற்கு நெருங்கிய சொந்தக்காரர் மணல் ஈ ஒன்றுதான். பீகார், வங்காளம், அசாம் பக்கம் ஊர் ஊராக ஆளைக் கொன்ற காலா அசார் எனும் கருங்காய்ச்சலைப் பரப்புவது அது. லீஷ்மேனியா என்ற அந்த ஒட்டுண்ணி ஈயின் குடலில் ஒருவகைக் கூழைச் சுரந்து அடைக்கிறது, அங்கிருக்கும் வால்வையும் சேதப்படுத்துகிறது. ஈ குடிக்கத் திணறும், திணறும்போது கூழோடு சேர்ந்து ஒட்டுண்ணியும் வெளியேறும். 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், தொற்றிய மணல் ஈக்கள் விரட்டினாலும் விடாமல் திரும்பி வந்தன, ஒன்றுக்கு மேற்பட்ட எலிகளைக் கடித்தன. அதுவும் ஒட்டுண்ணி பரவுவதற்குத் தயாரான கட்டத்தில்தான் அந்தப் பிடிவாதம் கூடியது.

காலா அசார் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் உலர்ந்த திராட்சை. மணல் ஈதான் குற்றவாளி என்று பல வருடம் சந்தேகம் இருந்தது, கடிக்கவிட்டுப் பார்த்தால் நோய் வரவில்லை. காரணம், தொற்றிய ஈக்களுக்கு மறுபடி மறுபடி ரத்தமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1940 வாக்கில் ஸ்மித்தும் அவருடைய கூட்டாளிகளும் ரத்தத்துக்குப் பிறகு திராட்சை கொடுத்துப் பார்த்தார்கள். காட்டில் அந்த ஈ செடிச் சாற்றையும் குடிக்கும் அல்லவா, அந்த மாதிரி. ஒட்டுண்ணி கொழித்துத் தொண்டையை அடைத்தது. அந்த முறையை வைத்து 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் தன்னார்வலர்களிடம் மணல் ஈக் கடியால் நோய் வருவதை நிரூபித்தார்கள்.

கொசுவுக்குத் தொண்டை அடைப்பதில்லை. அதன் கோளாறு எச்சிலில்.

எச்சில்ல என்ன கோளாறு? கொசு குத்தி உறியுது, அவ்வளவுதானே?

அவ்வளவு சுலபமாக இருந்தால் கொசுவுக்கு எச்சிலே தேவைப்படாது. குத்திய இடத்தில் நம் ரத்தம் உறையப் பார்க்கும். டெங்கு வார்டில் "பிளேட்லெட் எவ்வளவு" என்று பதறிக் கேட்போமே, அந்தத் தட்டணுக்கள்தான் ஓடிவந்து அடைப்பவை. அவை ஒன்றுசேராமல் தடுக்க கொசு எச்சிலில் அபைரேஸ் என்ற நொதி இருக்கிறது.

1984இல் அமெரிக்காவில், கோழி மலேரியா தொற்றிய ஏடிஸ் (டெங்கு பரப்பும் இனம்) கொசுக்களைச் சோதித்தபோது, ஒட்டுண்ணி குடியேறிய எச்சில் சுரப்பிகளில் இந்த நொதியின் வேலைத்திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. எச்சில் வருகிறது, சரக்கு இல்லை. விளைவு, கொசு ரத்தக்குழாயைத் தேடித் தோலுக்குள் கூடுதல் நேரம் துழாவுகிறது. துழாவும்போதெல்லாம் எச்சில் விடுகிறது, எச்சிலில்தான் ஒட்டுண்ணி இருக்கிறது. ஆப்பிரிக்காவின் செட்சி ஈயிலும் தூக்க நோய் ஒட்டுண்ணி எச்சிலின் சரக்கை இதேபோலக் கெடுக்கிறது.

ஆய்வகத்துல நடந்தது சரி, வீட்டுல நிஜமா அதிகம் பேரைக் கடிக்குதா?

தான்சானியாவில் வீடுகளில் பிடித்த, மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசுக்களின் வயிற்றிலிருந்த ரத்தம் எத்தனை பேருடையது என்று மரபணுவை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1998இல் வெளியானது. தொற்று இல்லாத கொசுக்களில் 10 விழுக்காடு மட்டும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களைக் கடித்திருந்தன. எச்சிலில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தவற்றில் 22 விழுக்காடு. ஆய்வகக் கூண்டை விட்டு வெளியே வந்து கிடைத்த எண் என்பதால் இதை நான் கொஞ்சம் கூடுதலாக மதிக்கிறேன்.

அப்போ மலேரியா ரத்தம் குடிச்ச அன்னைக்கே கொசுவுக்கு வெறி பிடிச்சிடுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒன்பதாம் வகுப்பு மாணவி. பெரியவர்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை, சங்கதியே இங்கேதான் இருக்கிறது.

மலேரியா ஒட்டுண்ணி முதலில் குடல் சுவரில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு வளரும். அந்தக் கட்டத்தில் கொசு எத்தனை பேரைக் கடித்தாலும் ஒட்டுண்ணிக்குப் பைசா லாபம் இல்லை, நஷ்டம்தான். ஏனென்றால் கடிப்பது கொசுவுக்கு உயிர் போகிற வேலை, நம் கை சும்மா இருக்காது. அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி கொசுவில் எலி மலேரியாவை வைத்து 1999இல் பார்த்தபோது, உருண்டைக் கட்டத்தில் இருந்த கொசுக்கள் தொற்றில்லாதவற்றைவிடச் சீக்கிரமாகவே விட்டுக்கொடுத்துப் போயின. ஒட்டுண்ணி எச்சில் சுரப்பிக்கு வந்துசேர்ந்ததும் நேர்மாறு: விரட்ட விரட்டத் திரும்பி வந்தன. சென்னையில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிட்டு மலேரியா பரப்பும் கொசுவும் இதே ஸ்டெஃபென்சிதான்.

மேலே சொன்ன ஆயுள் கணக்குக்குத் திரும்புவோம். காத்திருக்கும் 10 நாளில் கொசு அடக்கமாக இருந்து, தினசரி பிழைக்கும் வாய்ப்பு 90இலிருந்து 92 ஆனாலே போதும், 100க்கு 35 என்பது 43 ஆகிவிடும்.

அப்படின்னா ஒட்டுண்ணி கொசு மூளையைப் பிடிச்சு ஆட்டி வைக்குது! யூடியூப்ல ஜாம்பி கொசுன்னே போட்டிருந்தான்.

பொறுங்கள். முந்தைய பதிலைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது, சில வருடம் வகுப்பில் அப்படியே சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

2013இல் ஒரு குழு குறும்பான சோதனை ஒன்றைச் செய்தது. மலேரியாவே இல்லாத ஸ்டெஃபென்சி கொசுக்களுக்குச் சூட்டில் கொன்ற ஈ.கோலி பாக்டீரியாவை ஊசியில் செலுத்தினார்கள். செத்த கிருமி. அதற்கு யாரையும் ஆட்டி வைக்கத் தெரியாது. அப்படியும் கொசுக்கள் மலேரியா தொற்றியவை மாதிரியே முதலில் அடங்கின, பிற்பாடு தேடலில் இறங்கின. அப்படியென்றால் அந்த மாற்றத்துக்குத் தேவையானது கொசுவின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்வது மட்டும்தான். நமக்கு உடம்பு சரியில்லாதபோது சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டு, தேறியதும் அகோரமாகப் பசிக்குமே, அந்தக் கதைதான்.

எனவே என் இப்போதைய பதில் இது. தெள்ளுப்பூச்சியின் தொண்டை, கொசுவின் எச்சில், இரண்டும் குழாய் வேலை, மூளை வேலை அல்ல. மலேரியாவின் "முதலில் அடக்கம், பிறகு ஆவேசம்" கொசுவின் சொந்தச் சுபாவமாக இருக்கலாம். ஒட்டுண்ணி தன் வளர்ச்சி நேரத்தை அதோடு ஒத்துப்போகும்படி பரிணாமத்தில் அமைத்துக்கொண்டிருக்கலாம். ஜாம்பி என்ற சொல் யூடியூப்பில் பார்வை எண்ணிக்கையைக் கூட்டத்தான் உதவும். அதற்காக ஆபத்து குறைவு என்று அர்த்தமில்லை, பசியில் கடித்தாலும் கடிதான்.

கொசுவுக்கு நம்ம வாசனை அதிகமாப் பிடிச்சுடும்னு சொன்னீங்களே?

நெதர்லாந்தில் மனிதர் அணிந்த நைலான் காலுறைத் துணியை வைத்துப் பார்த்தார்கள். மனித மலேரியா தொற்றிய கொசுக்கள் தொற்றில்லாதவற்றைவிட அதிகமாக அந்தத் துணியில் வந்து இறங்கின. இதுவும் 2013இல்தான். ஆனால் புர்க்கினா ஃபாசோவில் உள்ளூர் நோயாளிகளின் ஒட்டுண்ணியையும் உள்ளூர் கொசுவையும் வைத்துச் செய்தபோது அப்படியான வேறுபாடு தெரியவில்லை. முடிவான பதில் கேட்டால் என்னிடம் இல்லை என்றுதான் மேடையிலும் சொல்கிறேன்.

எங்களுக்கு வேண்டியது டெங்கு. அதைச் சொல்லுங்க முதல்ல.

டெங்குவில் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. 1995இல் ஓர் ஆய்வு தொற்றிய ஏடிஸுக்கும் தொற்றாததற்கும் கடிப்பதில் வித்தியாசமே இல்லை என்றது. 1997இல் இன்னொன்று, வேறு வகை டெங்கு வைரஸை வைத்து, தொற்றியவை ரத்தம் குடித்து முடிக்கக் கூடுதல் நேரம் எடுத்தன என்றது. 2022இல் சிங்கப்பூரில் வீடியோ எடுத்துப் பார்த்தவர்கள், தொற்றிய கொசுக்கள் எலியிடம் அதிகம் ஈர்க்கப்பட்டன, பல முறை குத்தின, ஆனாலும் ரத்தம் குடிப்பதில் சொதப்பின என்றார்கள். எச்சில் கேள்விக்கான பதிலை ஞாபகப்படுத்திக்கொண்டால் சொதப்பல் யாருக்கு லாபம் என்று தெரியும்.

நோயே இல்லாத ஏடிஸ் கொசுவும் ஒரே ஆளிடம் வயிறு நிரப்பாமல் இரண்டு மூன்று பேரிடம் போகும் ரகம்தான். ஒரே வீட்டில் அடுத்தடுத்து மூவர் படுத்துவிட்டால் வைரஸ் கொசுவை மாற்றியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

காய்ச்சல் வந்தவங்களைத் தேடித்தேடிக் கடிக்குமா?

இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. இங்கே மாறுவது கொசு அல்ல, நம் உடல் வாசனை. கென்யாவில் குழந்தைகளை வைத்து நடந்து 2005இல் வெளியான ஆய்வில், கொசுவுக்குத் தொற்றும் கட்டத்திலிருந்த மலேரியா ஒட்டுண்ணி ரத்தத்தில் உள்ள குழந்தைகளை நோக்கி ஏறக்குறைய இரண்டு மடங்கு கொசுக்கள் போயின. மருந்து கொடுத்து ஒட்டுண்ணி போனதும் அந்த வித்தியாசமும் போய்விட்டது. 2022இல் டெங்கு, ஜிகா தொற்றிய எலிகளின் தோலிலிருந்து அசிட்டோஃபீனோன் என்ற வாசனைப் பொருள் அதிகம் வருவதும், கொசு அதற்கு மயங்குவதும் தெரியவந்தது. அதைச் சுரப்பவை தோலில் வாழும் பாக்டீரியா. வைரஸ் தோலின் காவலைத் தளர்த்திவிட, அவை பெருகிவிடுகின்றன.

ஆகையால் காய்ச்சல்காரரைக் கொசுவலைக்குள் வையுங்கள். டெங்கு என்றால் பகலிலும். ஏடிஸ் பகலில் கடிப்பது.

பயிர்ல வைரஸ் பரப்புற பூச்சியும் இப்படி மாறுமா? எங்க ஊர்ல கடலை எல்லாம் மொட்டு கருகிப் போச்சு.

மாறும். மொட்டுக் கருகல் வைரஸைக் கடத்துவது இலைப்பேன். அந்த வைரஸுக்குப் பங்காளியான தக்காளி புள்ளி வாடல் வைரஸில் அமெரிக்கர்கள் 2011இல் பார்த்தார்கள். தொற்றிய ஆண் இலைப்பேன்கள், சாற்றை உறிஞ்சாமல் சும்மா குத்திப் பார்க்கும் வகைக் குத்தல்களை ஏறக்குறைய மூன்று மடங்கு செய்தன. செல்லை உறிஞ்சிக் கொன்றுவிட்டால் வைரஸ் வளர இடமிருக்காது. குத்திவிட்டு உயிரோடு விட்டால்தான் அதற்கு வாழ்வு.

கோதுமைச் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியில் இன்னும் நேர்த்தி. வைரஸ் இல்லாத அசுவினி நோயுற்ற செடியைத் தேடிப் போகிறது. வைரஸை ஏற்றுக்கொண்ட அசுவினி நல்ல செடிக்குப் போகிறது. செடியே இல்லாமல், செயற்கை உணவில் வைரஸைக் கலந்து கொடுத்தபோதும் விருப்பம் மாறியது. ஜாம்பிக்காரர்களுக்கு நியாயமாக உதவக்கூடிய சாட்சி இதுதான், பாவம் அவர்கள் கொசுவையே பிடித்துத் தொங்குகிறார்கள்.

தொற்றின கொசு இரண்டு மடங்கு கடிச்சா நோயும் இரண்டு மடங்கா?

எளிய கணக்கில், ஆமாம். ஊரிலுள்ள எல்லாக் கொசுவும் இரண்டு மடங்கு கடித்தால் நான்கு மடங்கு. ஏனென்றால் நோய் பரவ இரண்டு கடி வேண்டும்: வாங்கும் கடி ஒன்று, கொடுக்கும் கடி ஒன்று. இரண்டும் இரட்டித்தால் பெருக்கல் நான்கு. தொற்றியவை மட்டும் மாறினால் கொடுக்கும் கடி மட்டுமே கூடுகிறது.

அதிலும் ஒரு கழித்தல் உண்டு. அதிகம் கடிக்கிற கொசு அதிகம் அடிபடும். தான்சானியாவிலேயே, மலேரியா ஒட்டுண்ணி எச்சிலில் உள்ள கொசுக்கள் இரவில் இரை தேடும்போது கூடுதலாகச் சாவதும் பதிவாகியிருக்கிறது.

கொசுவுக்கே ஒரு நோயைக் கொடுத்து கடிக்க முடியாம செஞ்சுட்டா?

தற்செயலாக அப்படி ஒன்று நடந்திருக்கிறது. பழ ஈயிலிருந்து எடுத்த ஒரு வகை வோல்பாக்கியா பாக்டீரியாவை ஆஸ்திரேலியாவில் ஏடிஸுக்குள் புகுத்தினார்கள், கொசுவின் ஆயுளைக் குறைப்பதற்காக. வயதான கொசுக்களின் ஊசிவாய் தளர்ந்து வளைய ஆரம்பித்தது. தோலில் வைத்து அழுத்தினால் மடங்கியது. கிழக் கொசு பாவம், குத்த முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது.

அந்த வகை கொசுவை மிகவும் பலவீனப்படுத்தியதால் வெளியில் நிலைக்கவில்லை. இப்போது விடுவது வேறு வகை. அது ஊசிவாயை வளைப்பதில்லை, கொசுவுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அப்படி விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்தது என்று 2021இல் வெளியானது. நம் பக்கத்தில் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் வோல்பாக்கியா கொண்ட ஏடிஸை உருவாக்கி வைத்திருக்கிறது.

கடிக்க ஆரம்பிச்சதும் கையால தட்டி விட்டுட்டா போதுமா?

போதாது. ரத்தம் ஏறுவதற்கு முன்பே, துழாவும்போதே எச்சில் இறங்கிவிடுகிறது. வயிறு நிறையாமல் கிளம்பிய கொசு எங்கே போகும் என்பது தான்சானியா பதிலில் இருக்கிறது. அடிப்பதென்றால் ஒழுங்காக அடித்துவிடுங்கள். அரைகுறையாக விசிறி விரட்டினால் அது பக்கத்தில் தூங்குகிறவரிடம் போய் உட்காரும்.